செத்தவன் காபி போடுற பக்கம்

இருபத்தஞ்சு வயசுல நான் காமிக்ஸ் படிச்சேன். இப்ப அம்பதத் தாண்டியாச்சு, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கிட்டு படிக்கிறேன். நடுவுல என்னைக்காவது திருந்திடுவேன்னு காத்துக்கிட்டு இருந்தவங்க நெறைய பேரு. எங்கப்பா காத்திருந்தாரு, பங்குச் சாமியாரு காத்திருந்தாரு, கல்யாணம் ஆன புதுசுல எம் பொண்டாட்டியும் காத்திருந்தா. அவங்கள ஏமாத்துனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

எம்பதுகளோட நடுவுல மொரப்பூர் ஸ்டேசன் ரோட்டுல ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தேன். இன்ஸ்டிட்யூட்டுங்கறது போர்டுலதான். உள்ள அஞ்சு மெசினு. அதுல ரெண்டுல ஒரு எழுத்த அடிச்சா கம்பி மேலயே நின்னுக்கும், வெரலால கீழ எறக்கி விடணும். ஊர்ல என்ன டைப் மாஸ்டர்னு கூப்புடுவாங்க. லோயர் பாஸ் பண்ணவன், ஹையர்ல ரெண்டு தடவ பெயிலு. இது எங்கிட்ட படிச்சவங்க யாருக்கும் தெரியாது. இப்பத் தெரிஞ்சிருக்கும்.

எங்க காமிக்ஸ் கோஷ்டியில மொத்தம் மூணே பேரு. நான் ஒருத்தன். ஸ்டேசன்ல பாயிண்ட்ஸ்மேனா இருந்த அண்ணன் ஒருத்தரு. என்னவிட எட்டு வயசு மூத்தவரு, வூட்ல தெலுங்கு, வெளிய தமிழு, கோவம் வந்தா ரெண்டும். மூணாவது ஆளு ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸு. நாங்க சிஸ்டர்னு கூப்புடுவோம். அரூர் பக்கம் வெவசாயக் குடும்பத்துப் பொண்ணு, என் வயசுதான் இருக்கும். ஊசி எப்படி ஒரே குத்துல போடுவாங்களோ அப்படித்தான் பேச்சும்.

பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்கு மாசத்துக்கு ஒரே ஒரு காமிக்ஸ் புக்கு வரும். அது எங்க மூணு பேருக்கும் சேத்து. மொத ரெண்டு நாளு சிஸ்டரு, அடுத்த ரெண்டு நாளு அண்ணன், கடைசி ரெண்டு நாளு நானு. படிச்சி முடிச்சவங்க பின் அட்டைக்கு உள்பக்கம் பென்சில்ல ஒரு டிக் அடிக்கணும். ஞாயித்துக்கிழம நாலு மணி வரைக்கும் புக்கப் பத்தி யாரும் யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. ஒரு தடவ அண்ணன் என்னப் பாத்து புருவத்த மட்டும் தூக்கிக் காமிச்சாரு. அதுவே ரூல மீறுனதுன்னு சொல்லி, அடுத்த மாசம் சிஸ்டர் அவர கடைசி ஆளாத் தள்ளிட்டாங்க.

நாலு மணிக்கு நாங்க கூடுற எடம் வாசகசாலை. மாதா கோயில் காம்பவுண்டுக்குள்ள ஒரு ஓட்டுக் கட்டடம், நாலு பீரோ, ரெண்டு நீள மேசை. அதுக்கு செகரட்டரி ஒரு ரிட்டையர்டு தமிழய்யா. நல்ல மனுசன், தப்பாச் சொல்லக் கூடாது. அவரு சொந்தப் புத்தகங்களப் போட்டு ஆரம்பிச்சதுதான் அந்த வாசகசாலை. ஆனா படம் போட்ட கதைன்னா அவருக்கு மூக்கு சுருங்கிடும். அவருகிட்ட ஆறு மாசம் நடையா நடந்துதான், ஞாயித்துக்கிழம நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு மேசைய வாங்குனோம்.

"குடுக்குறேன் தம்பி. ஆனா வாசகசாலை பேருக்கு ஒரு பழுதும் வரக் கூடாது" அப்படின்னாரு.

"வராதுங்கய்யா"ன்னு நான்தான் வாக்குக் குடுத்தேன். என் வாக்கப் பத்தி அவருக்கு அப்ப அவ்வளவாத் தெரியாது.

அந்த ஒரு மணி நேரம் எனக்கும் அண்ணனுக்கும் பெருசில்ல. எங்களுக்கு டீக்கடை இருக்கு, ஆலமரம் இருக்கு, பேசணும்னா ரோட்டுலயே நின்னு பேசலாம். சிஸ்டருக்கு அப்படி இல்ல. கல்யாணம் ஆகாத பொண்ணு ரெண்டு ஆம்பளைங்களோட டீக்கடை பெஞ்சுல ஒக்காந்து, 'வில்லன் ஏன் அந்தக் குதிரையச் சுடல'ன்னு சண்ட போட முடியுமா, அன்னைக்கு மொரப்பூர்ல? வாசகசாலைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. செகரட்டரி எதுத்தாப்புல ஒக்காந்திருக்காரு, சுவத்துல மாதா படம் இருக்கு. ஊரு முழுக்க அவங்க குரல ஒசத்திப் பேசுறதுக்கு அந்த ஒரு மேசைதான் இருந்துச்சி.

குரல நல்லாவே ஒசத்துவாங்க. முக்காவாசிச் சண்டை எழுத்தாளருங்களப் பத்தித்தான். எல்லாம் வெளிநாட்டுக் கதைங்க. எழுதுனவரு பேரப் போட மாட்டாங்க, போட்டாலும் மை அப்பி எழுத்து தெரியாது. அதனால கதை போற போக்க வச்சி நாங்களே பேரு வச்சிக்கிட்டோம். ஒருத்தரு கதையில எந்தச் சண்டைக்கு முன்னாடியும் குதிரைக்குத் தண்ணி காட்டுவாங்க. அவரு தண்ணிக்காரரு, அண்ணனோட ஆளு. இன்னொருத்தரு கதையில எவனும் ஒரு பேச்ச முழுசாப் பேசி முடிக்க மாட்டான், மூணு புள்ளி வச்சி நிறுத்திடுவான். அவரு பாதிப்பேச்சுக்காரரு, சிஸ்டரோட ஆளு. என் ஆளு பனிக்காரரு. கதை எங்க ஆரம்பிச்சாலும் பத்தாவது பக்கத்துல பனி கொட்டும்.

"உங்க பனிக்காரரால படம் போடுறவருக்குத்தான் நிம்மதி மாஸ்டர். பாதிப் பக்கத்த வெள்ளையா விட்டுட்டு, பனின்னு சொல்லிடலாம்" அப்படின்னாங்க சிஸ்டர்.

"உங்க ஆளு மட்டும் என்னவாம்? ஒரு நோயாளி வந்து 'சிஸ்டர், எனக்கு...'ன்னு நிறுத்திட்டா ஊசி போட்டுடுவீங்களா?"

"போடுவேனே. பாதிப் பேரு அப்படித்தான் வர்றாங்க."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. குதிரைக்கு மொதல்ல தண்ணி காட்டுறவன்தான் மனுசன்"னு அண்ணன் நடுவுல பூந்துடுவாரு.

இப்படி இருக்கயிலதான் ஒரு மாசம் அந்தப் புக்கு வந்துச்சி. பனிக்காரரு கதைதான். மலையில தோலுக்காக மிருகம் புடிக்கிற ரெண்டு கூட்டாளிங்க. மொதப் பதினாறு பக்கத்துல ரெண்டு பேரும் மலையேறுறாங்க. அடுத்த பதினாறுல சண்ட வந்து, பெரியவன் சின்னவனச் சுட்டுடுறான். சின்னவன் பனியில விழுந்து செத்துப்போறான். சரி, முடிஞ்சிதுன்னு அடுத்த பக்கத்தத் திருப்புனா, செத்தவன் நெருப்புக்கிட்ட குத்தவச்சி ஒக்காந்து காபி போட்டுக்கிட்டு இருக்கான். சிரிச்சிக்கிட்டே ரொட்டியப் பிச்சிப் பாதிய அவனச் சுட்டவன்கிட்ட நீட்டுறான். அதே மாதிரி பதினாறு பக்கம். கரடிகிட்ட இருந்து ஒருத்தன ஒருத்தன் காப்பாத்துறாங்க, ஒரே கம்பளியில தூங்குறாங்க. கடைசிப் பதினாறுல பெரியவன், செத்தவனோட பொண்டாட்டி முன்னாடி தொப்பியக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறான். ஒரு வார்த்தயும் பேசல. முற்றும்.

அந்த ஞாயித்துக்கிழம மட்டும் நாங்க சண்ட போடல. மொத தடவ.

"அந்த ரொட்டியப் பிச்சிக் குடுக்குறான் பாருங்க, அங்க என்னால புக்க புடிக்க முடியல"ன்னாங்க சிஸ்டர். "இவன் சுடப்போறான்னு நமக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியல."

"சுட்டவன் போற வழியெல்லாம் அதத்தான நெனச்சிக்கிட்டுப் போயிருப்பான். எழுத்தாளன் அத வாயால சொல்லாம பக்கத்தத் திருப்பி விட்டுட்டான்"னாரு அண்ணன். தண்ணிக்காரர விட்டுட்டு வந்து அவரு அப்படிச் சொன்னது எனக்குத் திருவிழா.

அந்த மெதப்புல நான் ஒரு காரியம் பண்ணேன். பத்திரிகையோட வாசகர் கடிதத்துக்கு மூணு பக்கம் டைப் அடிச்சி அனுப்பிட்டேன். 'இறந்தவனை அடுத்த பக்கத்திலேயே எழுப்பி, காலத்தையே புரட்டிப் போட்ட இந்த மேதையின் முன் உலக இலக்கியமே கைகட்டி நிற்க வேண்டும்' அப்படின்னு ஒரு வரி. அந்த மாதிரி இன்னும் நாப்பது வரி. கடைசியில எம்பேரப் போட்டா சின்னதாத் தெரியுமேன்னு, 'ஞாயிறு வாசகர் வட்டம்'னு போட்டு அதுக்குக் கீழ வாசகசாலை பேரயும் ஊரயும் கொட்டை எழுத்துல அடிச்சேன்.

அடுத்த மாசப் புக்கு வந்துச்சி. வழக்கம் போல சிஸ்டர் கைக்குப் போச்சி, அண்ணன் கைக்குப் போச்சி. அந்த வாரம் பூரா அண்ணன் என்ன எதுக்கப் பாத்தா தண்டவாளத்தப் பாத்துக்கிட்டே போனாரு. ஒரு நாளு சிஸ்டரு இன்ஸ்டிட்யூட் வாசல்ல சைக்கிள நிறுத்தி, "ஒடம்பு நல்லாருக்குதா மாஸ்டர், பிரஷர் எதாச்சும் பாக்கட்டுமா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. எம்மேல என்னா அக்கறைன்னு நெனச்சிக்கிட்டேன்.

வெள்ளிக்கிழம என் கைக்குப் புக்கு வந்துச்சி. நேரா கடிதப் பக்கம்தான். என் கடிதம் இருந்துச்சி, கட்டம் கட்டி. அதுக்குக் கீழ ஆசிரியர் பதில்:

'அன்பு நண்பரே! உங்கள் மூன்று பக்க ஆராய்ச்சியை எங்கள் அலுவலகமே கூடிப் படித்து மகிழ்ந்தது. உங்களுக்கு வந்த பிரதியில் இரண்டாவது பாரமும் மூன்றாவது பாரமும் இடம் மாறி பைண்டிங் ஆகிவிட்டது. பிரதியை அனுப்பினால் நல்ல பிரதி அனுப்பி வைக்கிறோம். உங்கள் பாராட்டுகளை பைண்டரிடம் சேர்த்துவிட்டோம்!'

பாரம்னா ஒரே தாள்ல அச்சடிச்சி மடிக்கிற பதினாறு பக்கம். அது ரெண்டும் எடம் மாறிடுச்சி. பக்க நம்பரப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். ஆனா அந்தப் புக்குங்கள்ல நம்பரு பாதி பக்கத்துல கட்டிங்கோட போயிடும், மீதியில படத்துக்குள்ள மறைஞ்சிடும். வேற ஒரு பிரதியப் பாத்தவங்க யாராச்சும் சொல்லியிருப்பாங்க. நாங்க மூணு பேரும் படிச்சது அதே ஒரு பிரதி. அதனால மூணு பேரும் ஒத்துமையா ஒரு பைண்டர மேதையாக்கிட்டோம்.

ஓடிப்போயி அண்ணனக் கேட்டேன். "பாத்துட்டு ஏண்ணா சொல்லல?"

"ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு முன்னாடி புக்கப் பத்திப் பேசக் கூடாதில்ல? ரூலு."

"கடிதப் பக்கத்துக்குமா?"

"சிஸ்டருகிட்டக் கேட்டேன். அட்டை டு அட்டைன்னாங்க."

ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு எங்க மேசையில செகரட்டரி ஒக்காந்திருந்தாரு. சேலத்துல காலேஜ் படிக்கிற அவரோட தங்கச்சி மகன் அந்தப் பக்கத்துல செவப்புக் கோடு போட்டு தபால்ல அனுப்பியிருக்கான். அத மீன் சுத்துற மாதிரி நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாரு.

"இத்தன வருசத்துல இந்த வாசகசாலை பேரு ஒரு தடவ கூட பத்திரிகையில வந்ததில்ல தம்பி"ன்னாரு. குரலு ஒசரல, அதுதான் கஷ்டமா இருந்துச்சி. "வரணும்னு எனக்கு எவ்வளவு ஆச தெரியுமா? வந்திருச்சி. பைண்டரப் பாராட்டி வந்திருக்குது."

அந்தப் பக்கத்தத் திரும்பவும் நியூஸ் பேப்பர்ல சுத்துனாரு.

"வர்ற ஞாயிறு கமிட்டி. பத்திரிகைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொண்டாங்க. அறியாமையால ஒளறிட்டோம், அந்தப் புத்தகத்தத் திருப்பி அனுப்புறோம், அவ்வளவுதான். அது வந்தா மேசை இருக்கும். இல்லன்னா இல்ல."

நியாயமான பேச்சுதான். அந்த வாரத்துல அண்ணன் ஜோலார்பேட்டை ரயில் கார்டு ஒருத்தரப் புடிச்சி அதே கதையில சரியான பிரதி ஒண்ண வர வச்சாரு. ரூல ஒதுக்கி வச்சிட்டு மூணு பேரும் ரெண்டே நாள்ல படிச்சோம். கூட்டாளிங்க மலையேறுறாங்க, காபி குடிக்கிறாங்க, கரடி வருது, சண்ட வருது, சுடுறான், சாவுறான், பொண்டாட்டி முன்னாடி நிக்கிறான். எல்லாம் வரிசையா, சரியா இருந்துச்சி. சரியா இருந்ததுதான் அதுல கொற. அந்த ரொட்டியப் பிச்சிக் குடுக்குற படம் இதுலயும் இருந்துச்சி. வெறும் ரொட்டியா இருந்துச்சி.

இது தெரிஞ்சும் நான் சனிக்கிழம ஒக்காந்து மன்னிப்புக் கடிதத்த அடிச்சேன். கார்பன் வச்சி ரெண்டு காப்பி. எனக்கு ரோசம் இல்லாம இல்ல. ஆனா அந்த மேசை போனா போறது சிஸ்டருக்குத்தான்னு எனக்குத் தெரியும். என் ரோசத்த அவங்க தலையில கட்டுறது என்னா நியாயம்?

கமிட்டியில அஞ்சு பேரு நீள மேசைக்கு அந்தப் பக்கம், நாங்க மூணு பேரு இந்தப் பக்கம். பொண்ணு பாக்க வந்த மாதிரி டீ வேற குடுத்தாங்க.

"கடிதம் கொண்டாந்தீங்களா தம்பி?"

பாக்கெட்டுல இருந்து எடுத்தேன். செகரட்டரி கைக்குப் போறதுக்குள்ள சிஸ்டர் வாங்கிட்டாங்க. ஒக்காந்த எடத்துலயே முழுசாப் படிச்சாங்க.

"மூணு எடத்துல தப்பு அடிச்சிருக்கீங்க மாஸ்டர். கை நடுங்குச்சா?"

"மெசினு சரியில்ல சிஸ்டர்."

"யாருக்காக அடிச்சீங்க இத?"

அத்தன பேரு முன்னாடி, "இந்த மேசைக்காகத்தான்... உங்களுக்குத்தான வேற எடமில்ல"ன்னு முணுமுணுத்தேன்.

"எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம். சொல்லணும்னா உங்களவிட நானே நல்லாச் சொல்லுவேன்." கடிதத்த நாலா மடிச்சி கைப்பைக்குள்ள போட்டு கிளிப்ப அமுக்குனாங்க. "உங்களுக்கு எந்த வரிச புடிச்சிதோ அத ஐயாகிட்டச் சொல்லுங்க."

பேப்பரு போயிடுச்சி, கையில ஒண்ணுமில்ல. கல்யாண வூட்ல, சாவு வூட்ல எங்க வேணும்னாலும் எதாச்சும் சொல்லி நாலு பேரச் சிரிக்க வைக்கிறவன் நானு. அன்னைக்கு ஒரு ஜோக்கும் வரல. எந்திரிச்சேன்.

"ஐயா, தப்பு அச்சாபீஸ்ல நடந்துச்சி, ஒத்துக்கிறேன். அது தெரியாம எழுதுனது என் முட்டாத்தனம், அதயும் ஒத்துக்கிறேன். எங்கூர்ல முட்டாள் இல்லன்னு யாரும் சொல்லல. வாசகசாலை பேரப் போட்டதுக்கு உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். ஆனா அந்தக் கதை எங்களுக்குப் புடிச்சிதுங்க. இப்ப நல்ல பிரதியும் படிச்சிட்டோம். அதவிட இதுதாங்க நல்லாருக்கு. புடிச்சதுக்கு எப்படிங்க மன்னிப்புக் கேக்குறது?"

"பைண்டரு பண்ண தப்பு, ஆசிரியர் எழுதுனதவிட நல்லாருக்குதா?" கமிட்டியில ஒருத்தரு சிரிச்சாரு.

அண்ணன் அப்பத்தான் வாயத் தொறந்தாரு. "நான் தெனம் வண்டிய லைன் மாத்தி வுடுறவன். ஒரு வண்டி தப்பான லைன்ல போயி நல்ல ஊருக்குப் போயிச் சேந்தா, எறங்குனவன் அந்த ஊரு நல்லால்லன்னா சொல்லணும்?"

"அண்ணா, இத உங்க ஸ்டேசன் மாஸ்டரு கேட்டா உங்களுக்கு சஸ்பெண்டுதான்"னேன். கமிட்டியே சிரிச்சிடுச்சி. செகரட்டரி மட்டும் சிரிக்கல.

"ஐயா, நீங்களே ரெண்டையும் படிச்சிட்டுச் சொல்லுங்க"ன்னு சிஸ்டர் ரெண்டு புக்கயும் அவரு முன்னாடி வச்சாங்க.

அவரு கையால தொடல. "இதெல்லாம் நான் படிக்கிறதில்லம்மா"ன்னாரு. அப்புறம், "மேசை இனிமே கெடையாது தம்பி."

"சரிங்கய்யா"ன்னோம். மூணு பேரும் டீயக் குடிச்சி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சோம். அது ஒண்ணுதான் எங்களால அப்ப காட்ட முடிஞ்ச திமிரு.

வெளிய வந்ததும் சிஸ்டர் நேரா சைக்கிள்ல ஏறிப் போயிட்டாங்க. அடுத்த ரெண்டு வாரமும் நான் எங்கிட்ட படிக்க வந்த புள்ளைங்க மேல எரிஞ்சி விழுந்தேன். ஜெயிச்ச மாதிரி பேசிட்டு வந்து, ஒரு ஆளத் தொலச்சிட்டு ஒக்காந்திருக்கோமேன்னு இருந்துச்சி. அடுத்த மாசப் புக்கு வந்துச்சி. சிஸ்டர் டிக் இருந்துச்சி, அண்ணன் டிக் இருந்துச்சி. படிக்கிறது நிக்கல, பேசுறதுக்குத்தான் எடமில்ல.

அந்த ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு நானும் அண்ணனும் ஸ்டேசன் பிளாட்பாரத்துல, நடு பெஞ்சுல ஒக்காந்திருந்தோம். சேலம் போற பாசஞ்சருக்கு நல்ல கூட்டம். தீர்த்தமலைக்குப் போயிட்டுத் திரும்புற ஜனம், கோழிக்கூடை, கைக்கொழந்தை, எங்க சொந்தக்காரங்களே ஒரு பத்துப் பேரு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல சிஸ்டர் வந்தாங்க. டூட்டி ட்ரெஸ் இல்ல, பச்சப் பொடவ. எல்லாரும் பாக்குறாங்கன்னு தெரிஞ்ச நடை. நேரா வந்து எங்க பெஞ்சுல, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த எடத்துல ஒக்காந்தாங்க. நாங்கதான் கூச்சப்பட்டு ஆளுக்கு ஒரு சாண் நகந்தோம்.

கோழிக்கூடைக்காரம்மா ஒண்ணு வாயப் பொத்திக்கிட்டுப் பக்கத்துல இருந்தவங்ககிட்ட எதோ சொல்லிச்சி. ஸ்டேசன் மாஸ்டர் ரூம்ல இருந்து எட்டிப் பாத்தவரு, தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு வந்தாரு. அண்ணன் சட்டுனு எந்திரிச்சி நின்னாரு.

"எங்கம்மா போவணும்?"ன்னு ஸ்டேசன் மாஸ்டரு கேட்டாரு.

"எங்கயும் போவல சார். பேசிக்கிட்டு இருக்கப் போறோம்." கைப்பையத் தொறந்து பிளாட்பாரம் டிக்கெட்ட எடுத்து நீட்டுனாங்க. "இங்க ஒக்காரலாம்னு இது குடுக்குறீங்க. ஒக்காந்து காமிக்ஸ் பேசக் கூடாதுன்னு எதுலயாச்சும் போட்டிருக்குதா?"

அவரு நெசமாவே டிக்கெட்டத் திருப்பிப் பாத்தாரு. ரெண்டு பக்கமும் பாத்தாரு. அப்புறம் அவங்க கையிலயே குடுத்துட்டு, "வண்டி வர்றப்ப இந்தாள விட்டுடுங்கம்மா, டூட்டியில இருக்காரு"ன்னு அண்ணனக் காட்டிச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

பிளாட்பாரம் பூரா எங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சி. சிஸ்டர் எங்கிட்ட இருந்து புதுப் புக்க வாங்கி மடியில விரிச்சி வச்சாங்க.

"சொல்லுங்க மாஸ்டர். இந்த மாசம் உங்க பனிக்காரரு ஏன் இவ்வளவு மோசமா எழுதியிருக்காரு?"

எதுத்த பிளாட்பாரத்துல நின்னவங்க கூடத் திரும்பிப் பாக்குற அளவுக்கு சத்தமாக் கேட்டாங்க. நானும் அதே சத்தத்துலதான் பதில் சொன்னேன்.